கிழக்குச் சுவரிலிருந்து பதினான்கு அடி

அம்மாவின் கல்லறையை இடம் மாற்ற வேண்டும் என்று அக்கா ஊரிலிருந்து தொலைபேசியில் சொன்னபோது, ராமச்சந்திராபுரம் வீட்டில் நான் முதலில் செய்தது பழைய நாட்குறிப்பைத் தேடியதுதான். அடக்கம் நடந்த நாளின் பக்கத்தில் எழுதியிருந்தேன்: சிலுவை வரை, கிழக்குச் சுவரிலிருந்து பதினான்கு அடி, வடக்குச் சுவரிலிருந்து இருபத்திரண்டு. ஆலையில் எனக்கு அளவு சரிபார்க்கும் வேலை. பையில் எப்போதும் டேப் இருக்கும். துக்கத்துக்கு வந்தவர்கள் கலைந்த பிறகு அன்றும் அளந்திருந்தேன்.

எங்கள் சொந்த ஊர் சென்னைக்கு வடக்கே, புறநகர் ரயில் நிற்கும் கடலோரம். கிழக்கே கடல், மேற்கே உப்பங்கழி, நடுவே ஒரு நீளத் துண்டு நிலம். முதலில் மீனவர்கள் மட்டும் இருந்தார்கள். பிறகு உப்பளங்கள் வந்தன, அதன்பின் ஆலைகள். ஆலை வேலைக்காகத் தெற்கிலிருந்து வந்து தங்கியவர்களில் என் அப்பாவும் ஒருவர். ஊருக்குத் தெற்கே கடலுக்குள் கல் கொட்டிய பிறகு மணல் அந்தப் பக்கமே தங்கிவிட்டது. எங்கள் பக்கம் கடல் உள்ளே வரத் தொடங்கியது. கடற்கரை முதல் தெரு இன்று இல்லை. இரண்டாம் தெருவில் ஒரு வரிசை வீடுகள்தான் மிச்சம். அங்கிருந்தவர்கள் தண்டவாளத்துக்கு மேற்கே வாடகைக்கு இருக்கிறார்கள். ரேஷன் அட்டையில் மட்டும் பழைய தெரு.

கல்லறைத் தோட்டம் இரண்டாம் தெருவின் கோடியில். ஒரு புயலில் மணல் அடித்து மேடுகளை மூடிவிட்டது. மரச் சிலுவைகளும் போய்விட்டன. அதன்பின் ஒவ்வொரு நவம்பரிலும் கல்லறைத் திருநாளன்று அக்கா குத்துமதிப்பாக ஓரிடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றி வந்தாள். அலை சுவரைத் தொட்டதும் பங்குத்தந்தை அறிவித்தார்: கிழக்கு வரிசைகளில் தங்கள் ஆட்களின் இடம் தெரிந்தவர்கள் எலும்புகளை எடுத்து மேற்குப் பக்கம் வைத்துக்கொள்ளலாம். மற்ற எலும்புகள் அங்கேயே இருக்கும். மேலே பாறை கொட்டப்படும்.

"நோட்ட எடுத்துகினு வாடா," என்றாள் அக்கா. "எனக்கு இடம் தெரியல. வுட்டா அம்மா மேலயே லாரில கல்ல கொட்டிடுவாங்க."

இரண்டு நாள் விடுப்பு எடுத்துப் போனேன். காலை எட்டு மணிக்கு டேப்பின் ஒரு முனையை அக்கா கிழக்குச் சுவரில் பிடித்துக்கொண்டாள். வடக்குச் சுவரிலிருந்தும் இருபத்திரண்டு அடி அளந்து, பதினான்காவது அடியில் நான் ஒரு செங்கல்லை வைத்தேன். குழி வெட்டுபவர் அறுபதைத் தாண்டியவர். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு யோசித்தார்.

"சார், எனக்கு இன்னாமோ அம்மா இன்னும் கொஞ்சம் கடலாண்ட இருக்கும்னு தோணுது. அன்னிக்கு நாந்தான் வெட்டினேன்."

"எத்தன அடி தள்ளி?" என்று கேட்டேன்.

"அடியெல்லாம் எனக்குத் தெரியாது சார். கையிக்குத் தோணுது, அவ்ளோதான்."

"நீ சும்மா இருப்பா," என்றாள் அக்கா. "என் தம்பி நூல் புடிச்சி அளக்கறவன். கல்யாணத்துல தாலிக்கயித்தயே அளந்துட்டுதான் கட்டினான்."

அவர் சிரித்துவிட்டு நான் காட்டிய இடத்தில் வெட்டினார். நாலரை அடியில் எலும்பு தெரிந்தது. கை எலும்புகளோடு நீல ஜெபமாலை மணிகள் கிடந்தன. அக்கா உட்கார்ந்துவிட்டாள். "அம்மாவோடதுதான்," என்றாள். எங்கள் ஊரில் எல்லோரையும் ஜெபமாலையோடுதான் அடக்கம் செய்வார்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் அளவு சரியாக இருந்தது, அதனால் நம்பினேன். மேற்குப் பக்கம் சிமெண்டுக் கல்லறை கட்டி, கருங்கல்லில் அம்மாவின் பெயரை வெட்டி வைத்தோம். அடுத்த வாரம் கிழக்குச் சுவரை ஒட்டிப் பாறை கொட்டிவிட்டார்கள்.

ஆண்டு முடிவில் நாட்குறிப்புகளுக்குப் பொருள்வாரியாகப் பட்டியல் தயாரிப்பது என் வழக்கம். டிசம்பரின் ஒரு ஞாயிறு காலை, 'கல்லறை' என்ற தலைப்பில் பழைய நாட்குறிப்புகளின் பக்க எண்களையும் சேர்த்துக்கொண்டிருந்தேன். அம்மா போய் ஐந்தாம் ஆண்டின் பக்கம் ஒன்று வந்தது. என் கையெழுத்துதான். 'அக்கா போன். மழையில் கல்லறைத் தோட்டத்துக் கிழக்குச் சுவர் விழுந்தது. புதுச் சுவர் ஒன்பது அடி உள்ளே தள்ளிக் கட்டியிருக்கிறார்கள்.' எத்தனை அடி என்று நான்தான் கேட்டு வாங்கி எழுதியிருப்பேன்.

பதினான்கில் ஒன்பது போனால் ஐந்து. அம்மா புதுச் சுவரிலிருந்து ஐந்து அடியில் இருந்திருக்கிறாள். கடலாண்ட. நாங்கள் தோண்டியது அடுத்த வரிசை.

மனைவியிடம் சொன்னேன். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மகள் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். ராமச்சந்திராபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவள்; தமிழ் எல்லாம் புரியும், பதில் தெலுங்கில்தான் வரும். "மரி, ஆமெ எவரு?" என்றாள். அப்படியானால் அந்தப் பெண் யார்?

மூன்று நாள் கழித்து அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன்.

"செவுரு வுழுந்துச்சுன்னு நாந்தான உனக்கு சொன்னேன்."

"ஆமா."

"எனக்கு மறந்துபோச்சு. உனக்குமாடா?"

"மறக்கல. எழுதியிருந்தேன்."

"எழுதினா போதுமா?"

நாட்குறிப்பை மூடி வைத்தேன்.

"அம்மாவ எடுக்க முடியுமா இப்போ?"

"முடியாது. மேல பாறை."

"அந்தப் பொம்பளைக்கும் புள்ளைங்க இருக்கும். தேடிகினு இருக்கும். நான் போய் சொல்ல மாட்டேன். நீ வந்து ஃபாதர்கிட்ட சொல்லு."

போனேன். பங்குத்தந்தை நாட்குறிப்பின் இரண்டு பக்கங்களையும் வாசித்தார். அன்றே கொத்தனாரை அழைத்துக் கல்லிலிருந்த பெயரைச் செதுக்கி எடுக்கச் சொன்னார். ஞாயிறு பூசையில் அறிவித்தார்: இரண்டாம் வரிசையில் தங்கள் தாயையோ சகோதரியையோ புதைத்து இடம் தெரியாமல் போனவர்கள் மாலை ஐந்து மணிக்கு வரலாம்.

குடும்பத்துக்கு ஒருவராக நான்கு பேர் வந்தார்கள். எவரிடமும் அளவு எதுவும் இல்லை. தோண்டிய அன்று எடுத்து வைத்திருந்த நீல மணிகளைக் காட்டினேன். நான்கு பேருமே தங்களுடையது என்றார்கள், யாரும் பொய் சொல்லவில்லை. ஓர் அம்மாள் என் கையைப் பார்த்தபடி, "நீங்க எடுக்காம இருந்திருந்தா கல்லுக்கு அடியில போயிருக்கும். அதுக்காக உங்களுக்கு நன்றி சொல்றதா, இன்னா சொல்றதுன்னே தெரியல," என்றார்.

யாருக்கும் கொடுக்க முடியாது என்று பங்குத்தந்தை சொன்னார். கல் வெறுமையாகவே இருக்கட்டும் என்றார். அந்தக் கல்லின் முன் நால்வரும் மெழுகுவர்த்தி ஏற்றி வரிசையாக நின்றார்கள். நான் தோட்டத்து வாசலருகே நின்றிருந்தேன். அக்கா வரமாட்டேன் என்று சொல்லியிருந்தாள். ஜெபம் தொடங்கிய பிறகு வந்தாள். என் பக்கம் திரும்பாமல் அவர்களிடம் போய், ஒருத்தரிடம் நெருப்பு வாங்கித் தன் மெழுகுவர்த்தியைக் கொளுத்திக்கொண்டு, ஐந்தாவது ஆளாக நின்றாள்.