கொதிக்க வைத்த கிரீன் டீ: கொட்டச்சேட்டில் ஒரு சனிக்கிழமை

என் கடையில் மூலிகை கிரீன் டீ வாங்கிப் போகிறவர் மறுபடி அதை வாங்க வருவதில்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கடை வைத்திருக்கிறேன். சைக்கிளில் டீத்தூள் விற்று வந்தவன். முதல் பாக்கெட்டை என் வாய் விற்றுவிடும். இரண்டாவதைச் சரக்குதான் விற்க வேண்டும். பேசாமல் கிரீன் டீயையே நிறுத்திவிடலாம் என்றிருந்தபோது, இந்த ஜனவரியில் சேர்வராயன் மலையிலிருந்து ஒரு போன். பேசியவர் ஸ்டெல்லா. காபி எஸ்டேட்டில் பழம் பறித்தவர், இப்போது வீட்டிலேயே மூலிகை டீ கலக்கிறார். ஒரு தடவை வந்து குடித்துப் பாருங்கள் என்றார்.

சனிக்கிழமை காலை ஆறரைக்குப் பைக்கில் கிளம்பினேன். பெரும்பாலோர் போகும் கொண்டை ஊசி வளைவுப் பாதையை விட்டுவிட்டு அயோத்தியாப்பட்டணம், குப்பனூர் வழியைப் பிடித்தேன். லாரி, டூரிஸ்ட் வேன் தொல்லை குறைவு. குப்பனூரில் ஒரு கடையில் வேண்டுமென்றே கிரீன் டீ இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்க, ஒடம்பு செரியில்லீங்களா?"

நம் ஊரில் இந்தச் சரக்கின் மரியாதை அவ்வளவுதான். பதினைந்து ரூபாய் கொடுத்துப் பால் டீ குடித்துவிட்டு மலையேறினேன். மேலே நல்ல பனி. ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், நான் எடுக்காமல் போய் நடுங்கினேன். எட்டரைக்குக் கொட்டச்சேடு.

காபிச் செடிகளை ஒட்டி, ஓட்டு வீடு. ஸ்டெல்லா எலுமிச்சைப்புல், துளசி, காய்ந்த கமலா ஆரஞ்சுத் தோல், இடித்த மிளகு எல்லாவற்றையும் தனித்தனித் தட்டில் வைத்துக் காட்டினார். தேயிலை மட்டும் நீலகிரியிலிருந்து வரவழைத்தது. "ஏற்காடு கிரீன் டீ" என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருக்கும் இலை பெரும்பாலும் வேறு மலையுடையதுதான். அதில் தப்பில்லை, தெரிந்து வாங்குங்கள்.

அடுத்து அவர் செய்ததைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கலவையைப் பாத்திரத்தில் அள்ளிப் போட்டு, காபி டிகாஷன் மாதிரி தளதளவென்று கொதிக்கவிட்டார்.

"ஐயையோ, அடுப்ப அணைம்மா! கிரீன் டீயக் கொதிக்க விட்டா வாயில வெக்க முடியாது. வெந்நி ஊத்தி மூணு நிமிசம் மூடி வெக்கோணும்."

"அப்புடிங்களா? எங்கூட்டுல எல்லாத்தையும் கொதிக்க வெச்சுத்தானுங்க பழக்கம்."

அவர் கணவர் அந்தோணி வாசலில் உட்கார்ந்தபடி சிரித்தார். "நேத்து புல்லு கஷாயம்னா, இன்னிக்கு டீங்கறா. பேரு மட்டும் மாறுதுங்க."

"நீங்க மூணு டம்ளர் குடிச்சீங்கல்ல, அப்ப என்ன பேருன்னு கேட்டீங்களா?" என்றார் ஸ்டெல்லா திரும்பாமலே.

அதே கலவையில் நானே முறைப்படி ஒரு டம்ளர் போட்டேன். குடித்தால் புல் அலசிய வெந்நீர். தேயிலை இருக்கும் இடமே தெரியவில்லை. வியாபாரத்தில் மூடி மறைத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. "இது ஓடாதும்மா" என்று சொல்லிவிட்டேன்.

அவர் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தார். "செரிங்க. திங்கக்கெழம எஸ்டேட்ல மறுபடி வேலைக்குப் பேரு குடுக்கச் சொன்னாரு கணக்கெழுதற ரைட்டரு. அங்கியே போயிக்கறனுங்க." அந்தோணியின் சிரிப்பும் நின்றுவிட்டது.

கிளம்பலாம் என்று எழுந்தேன். பனியில் கை விறைத்திருந்தது. முதலில் கொதித்த பாத்திரம் அடுப்பிலேயே இருக்க, அந்தோணி அதிலிருந்து ஊற்றி எனக்கொன்று நீட்டினார். சூடாக இருந்தால் போதும் என்று வாங்கிக் குடித்தேன். கசக்கவில்லை. ஆரஞ்சுத் தோல் வாசம், தொண்டையில் மிளகு, அடியில் தேயிலை அளவாக. உட்கார்ந்துவிட்டேன்.

"இதுல என்ன பண்ணுன?" என்று ஸ்டெல்லாவைக் கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணலீங்க. கொதிக்கக் கொதிக்கக் கசந்துது. தூளக் கொறச்சு, தோலையும் புல்லையும் கூட்டிக்கிட்டே வந்தனுங்க."

என் பையிலிருந்த கடைப் பாக்கெட்டை எடுத்து அதே மாதிரி கொதிக்க வைக்கச் சொன்னேன். ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று நிமிடம் மூடி வைக்கவும் என்று பாக்கெட்டில் அச்சடிக்கிறோம். அதை யார் படிக்கிறார்கள்? என் வீட்டிலேயே கொதிக்கத்தான் வைக்கிறார்கள். கசக்கிறது, பாக்கெட் அலமாரி மூலைக்குப் போய்விடுகிறது. இந்தப் பெண் தெரியாமல் செய்த தப்பு, நம் வீடுகள் எல்லாவற்றிலும் நடக்கிற தப்பு. அந்தத் தப்புக்கு ஏற்ற டீ இது ஒன்றுதான்.

மாதம் இருபது கிலோ எடுத்துக்கொள்கிறேன் என்றேன். ஒரே நிபந்தனை: அவர் அச்சடித்து வைத்திருந்த லேபிளில் "சர்க்கரை, பிரஷர் குணமாகும்" என்ற வரி போக வேண்டும்.

"அது இல்லாட்டி யாருங்க வாங்குவாங்க?"

"பிரஷருக்கு மாத்திர இருக்குதும்மா. நம்ம டீய நம்பி அதை ஒருத்தர் நிறுத்திட்டா என்ன பண்ணுவ? கொதிக்க வெச்சுக் குடிக்கலாம்னு பெருசாப் போடு, அது போதும்."

உங்களுக்கும் அதையேதான் சொல்வேன். ஒரு நாளைக்கு நாலு பால் டீ குடித்தவன் நான். இரண்டை விட்டு இதற்கு மாறியதில் அவ்வளவு சர்க்கரை மிச்சம். சாப்பிட்டபின் வயிறு லேசாக இருக்கிறது. நான் கண்ட பலன் இவ்வளவுதான். வெறும் வயிற்றில் வேண்டாம், சிலருக்குப் புரட்டும். இரவிலும் வேண்டாம், தூக்கம் தள்ளிப்போகும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுக் குடியுங்கள். ஏற்காட்டுக் கடைகளில் வாங்கினால் பாக்கெட்டைத் திறந்து காட்டச் சொல்லி முகர்ந்து பாருங்கள். எசென்ஸ் வாசம் மூக்கில் குத்தும், காய்ந்த தோல் வாசம் குத்தாது. பெட்ரோல் முந்நூறு, சாப்பாடு நூற்றிருபது, ஒரு நாளில் போய்த் திரும்பிவிடலாம். இருட்டுமுன் இறங்கிவிடுங்கள்.

அந்தத் திங்கட்கிழமை காலை கடை திறக்கும்போது ஸ்டெல்லாவிடமிருந்து போன்.

"ஏனுங்கண்ணா, ரைட்டரு எம் பேரக் கூப்புட்டாராமுங்க. நான் ஊட்டுல தோலு காய வெச்சுட்டு இருக்கறன்னு எங்கூட்டுக்காரரு சொல்லிட்டு வந்துட்டாருங்க. மூட்டைய எந்த பஸ்ஸுல போடட்டுங்க?"