ஒரு நீள விசில்

இன்று எட்டாம் வகுப்புக்கு வில்வித்தை. நான்தான் பி.டி. வாத்தியார். ஒரு நீள விசில் ஊதினால் அம்பு விடலாம், அப்போது கோட்டுக்கு முன்னால் ஈ காக்கை இருக்கக் கூடாது. ஒரு மாதமாக இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

இலக்குப் பலகைக்குப் பின்னால் தேயிலைக் காடு. தேயிலை விலை விழுந்து தோட்டத்தை மூடிவிட்டார்களே, ஆள் இருக்காது என்று நம்பி அங்கே வைத்தேன். பார்க்காமல் வைத்தது என் தப்பு.

விசில் ஊதினேன். செடிகளுக்குள்ளிருந்து ஆறு பெண்கள் கொழுந்து மூட்டையோடு பலகையை நோக்கி ஓடிவந்தார்கள்.

“வில்லை இறக்கு!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். நல்லவேளை, பிள்ளைகள் இறக்கிவிட்டார்கள்.

“ஏம்மா, சாகவா வந்தீங்க?”

“தோட்டத்துல கொழுந்த எடை போடக் கூப்புட இப்பிடித்தானே சார் ஊதுவாங்க? பறிக்க ஆளில்லாம கெடந்த கொழுந்த நாங்களே பறிச்சு வித்துக்கிட்டிருந்தோம். தோட்டத்த மறுபடி தொறந்துட்டாங்கன்னு ஓடியாந்தோம்” என்றார் என் மாணவி ஒருத்தியின் அம்மா.

பிறகு எட்டிப் பார்த்து, “தராசு எங்க சார்?” என்றார்.



நாளை முதல் விசில் கிடையாது, கொடிதான். எங்கள் பந்தலூர்ப் பக்கம் யாராவது விசில் ஊதுவதாக இருந்தால், தயவுசெய்து தராசையும் கையோடு கொண்டுவாருங்கள்.