மாச்சாக்குக் களிசான்

எழுபதுகளின் நடுவில் ஒரு கோடைக்காலம் முழுவதையும், உடுப்பே தேவைப்படாத மனிதர்கள் நிறைந்த ஓர் ஊரில் தையல்காரனாக இருந்து கழித்தேன்.

அதற்குக் காரணம் என் முதலாளி. இலங்கை மலைநாட்டில், பதுளைக் கடைவீதியில் அவருக்குப் புடைவைக்கடை இருந்தது. அதன் வாசலில் மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தேன். துணித் தட்டுப்பாட்டில் கடை ஈயோட்டிக்கொண்டிருந்த நாட்களில், அவர் மொனராகலைக்கு அப்பால் கிழக்குக் கரையிலிருந்த ஒரு சிற்றூருக்குப் போய்வந்தார். வந்ததிலிருந்து கடலைத் தவிர வேறு பேச்சில்லை.

"தம்பி, வெள்ளைக்காரங்க கும்பல் கும்பலா வந்து கெடக்காங்க. ஊருல ஒரு தையக்காரன் இல்ல. யோசிச்சுப் பாருங்க."

நான் யோசிக்கவில்லை. கல்யாணமாகி மூன்று மாதம். மனைவி பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவள்; கடலைப் பார்த்ததில்லை. மெஷினை பஸ் கூரையில் கட்டிவிட்டு இருவரும் கிளம்பினோம்.

முதலாளி பிடித்துத் தந்த, தென்னங்கிடுகு வேய்ந்த வீட்டின் முன்னால் மூன்று மொழிகளில் பலகை மாட்டினோம்: 'கோட், சூட் சிறந்த முறையில் தைத்துக் கொடுக்கப்படும்.' கழுத்தில் அளவு நாடாவோடு நான் உட்கார்ந்திருந்தேன். வெள்ளைக்காரர்கள் போனார்கள், வந்தார்கள். பெண்களிடம் இரண்டு துண்டுத் துணி, ஆண்களிடம் ஒன்று. சிலர் அந்த ஒன்றையும் ஒரு மரியாதைக்காகத்தான் வைத்திருந்தார்கள். அளவெடுக்க உடம்பு நிறைய இருந்தது, துணிக்குத்தான் வேலையில்லை.

ஊரும் தன் வேலையை மறந்திருந்தது. கருவாடு காயப்போட்ட வீடுகளெல்லாம் 'ஹோட்டல்' ஆகிவிட்டன. விருந்தாளிகள் அறையில் தூங்க, ஹோட்டல் முதலாளி பெண்டாட்டி பிள்ளைகளோடு அடுப்படியில் படுத்தார். முடி வெட்டுகிறவருக்கு நாலு வார்த்தை இங்கிலீஷ் தெரியும் என்பதால், ஊரை ஒட்டிய களப்பு நீரில் முதலை காட்டுகிற வழிகாட்டி ஆகிவிட்டார். முதலை வராத நாட்களில் மரக்கட்டையைக் காட்டி, "தூங்குது" என்று சொல்லிச் சமாளிப்பார்.

காலை பத்து மணிக்கு வெயில் ஏறியதும் ஊர்க்காரர்கள் நிழலுக்குள் ஒதுங்குவார்கள். அப்போதுதான் வெள்ளைக்காரர்கள் வெளியே வந்து மணலில் நீட்டி நிமிர்ந்து படுப்பார்கள். உடம்பு கறுப்பதற்காக என்று சொன்னதும் என் மனைவியால் நம்ப முடியவில்லை.

"ஏங்க, நம்ம மலையில ரெண்டு நாள் கொழுந்தெடுத்தாலே கறுத்துரும்ல? கூலியும் குடுப்பாங்கல்ல?"

மூன்றாம் வாரம் அவள் தன் உள்பாவாடையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். அது அமெரிக்க மாவு வந்த துணிச்சாக்கில் தைத்தது. எங்கள் தோட்டங்களில் அப்போது உள்ளுடுப்பெல்லாம் மாச்சாக்குதான். அச்செழுத்துப் போவதற்காக அம்மாக்கள் அதைச் சோடாத்தூள் போட்டு அவித்து, கல்லில் அடிஅடியென்று அடிப்பார்கள். அப்படியும் முழுக்கப் போகாது. நிகர எடை இத்தனை இறாத்தல் என்று பின்பக்கம் பதிந்த அரைக்கால் களிசானோடுதான் நான் மூன்றாம் வகுப்புப் படித்தேன்.

அந்த வழியாக வந்த ஒரு வெள்ளைக்காரி கொடியருகே நின்றுவிட்டாள். மங்கிய நீல எழுத்தைத் தடவிப் பார்த்தாள். இதே துணியில் ஒரு முழுக்களிசான் வேண்டும், எழுத்து பளிச்சென்று தெரிய வேண்டும் என்று கையைக் காட்டிக் கேட்டாள். மனைவி பாவாடையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

ஆனாலும், சாமான் கட்டிக்கொண்டு வந்திருந்த ஒரு மாச்சாக்கில் களிசான் தைத்துக் கொடுத்தோம். மறுநாள் அவளோடு நாலு பேர் வந்தார்கள். செய்தி போனதும் முதலாளி பதுளைப் பேக்கரிகளில் கிடந்த சாக்குகளையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தார். அவை தீர்ந்தபின் வந்தவை வெறும் வெள்ளைச் சாக்குகள். எழுத்தில்லாததை எவரும் சீண்டவில்லை. முதலாளி நீலச் சாயமும் தூரிகையும் வாங்கி என் மனைவியிடம் கொடுத்தார்.

"எதையாவது எழுதும்மா. அவங்களுக்கு விளங்கவா போகுது?"

அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். தமிழ் மட்டும் எழுதுவாள். தூரிகையைச் சாயத்தில் தோய்த்து எழுதத் தொடங்கினாள். எட்டு வருடம் மலையில் கங்காணி அவளைப் பார்த்துக் கத்தியதெல்லாம் வரிசையாக வந்தது. 'வெரசா எடு.' 'வாயப் பாக்காத.' 'மாடு மாதிரி நிக்காத.' கொழுந்து குறைந்தால் பாதிச் சம்பளம் என்று மிரட்டுகிற 'இன்னிக்கு அரைப்பேர்தான்.' கடைசியாகப் பெரிய எழுத்தில், 'சோம்பேறி.'

சோம்பேறியை வாங்கியவன் ஆறடி உயரம். பகல் முழுக்க மணலில் குப்புறப் படுத்திருப்பான். மீன்காரர்கள் சைக்கிளை நிறுத்தி அவன் பின்பக்கத்தை வாசித்துவிட்டுப் போனார்கள். இவ்வளவு சிரித்த முகமுள்ள மக்களை உலகில் எங்கும் கண்டதில்லை என்று அவன் எல்லோருக்கும் கையசைத்தான். என் மனைவி கதவிடுக்கில் நின்று பார்த்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

ஒருநாள் முடிவெட்டுகிறவர் அந்த எழுத்துக்கெல்லாம் என்ன அர்த்தம் என்று அவர்களிடம் சொல்லிவிட்டார். சோம்பேறியும் இன்னும் ஐந்தாறு பேரும் எங்கள் வீட்டை நோக்கி வேகமாக வந்தார்கள். நான் முதலில் கத்தரிக்கோலை ஒளித்து வைத்தேன். மனைவி மட்டும் எழுந்து நேராக நின்றாள்.

வந்தவர்கள் அவளைக் கைகூப்பிக் கும்பிட்டார்கள். தங்களுக்கும் இதுபோல் ஏச்சு வேண்டுமாம். சோம்பேறிக்கு அதைவிட மோசமானது வேண்டுமாம். ஒருத்தி தன் அம்மாவுக்கும் ஒன்று கேட்டாள். முதலாளிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அவர்கள் போனபின் மனைவி தூரிகையைக் கழுவி வைத்தாள்.

"ஏன் புள்ள, கை வலிக்குதா?" என்றேன்.

"ஏசினா சுருக்குன்னு ஏறணும். கேட்டு வாங்கிக் கும்புடுறவங்கள என்னத்த ஏசுறது?"

முதலாளி கெஞ்சிப் பார்த்தார். அவள் அசையவில்லை. கடைசியில் பலகை எழுதுகிற ஒருவரைக் கூட்டிவந்தார். பாவம், மரியாதையான மனிதர். பஸ்ஸில் எழுதிப் பழகியதைத்தான் எழுதினார். 'நல்வரவு.' 'புகை பிடிக்காதீர்கள்.' 'சில்லறை தந்து உதவவும்.' அதுவும் நன்றாகவே போனது. பயங்கரமாக ஏச்சு வாங்கிய திருப்தியோடு வெள்ளைக்காரர்கள் அதைப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

ஐப்பசி மழை தொடங்கியதும் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். மழை விட்ட நேரங்களில் ஹோட்டல்களில் மறுபடி கருவாடு காய்ந்தது. உப்புக்காற்றில் துருப்பிடித்திருந்த மெஷினை ஏற்றிக்கொண்டு நாங்களும் பதுளைக்குத் திரும்பினோம்.

அடுத்த வருடமும் முதலாளி கூப்பிட்டார். நான் போகத் தயாராகத்தான் இருந்தேன். அவள் 'வரல்ல' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். மெஷினின் மறுபக்கம் உட்கார்ந்து பொத்தான் கட்டப் பழகியிருந்தாள். அந்த வருடம் முழுக்க இருவரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை தைத்தோம்.