சத்தம் என்று போட்ட இடம்

ஃபிட்டருக்குக் காது கேட்காது. மற்றவர்கள் கண்டுபிடித்துச் சங்கடப்படுவதற்குள் அவரே அதைச் சொல்லிவிடுவார். எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு முதல் நாள் வந்தபோது வாசல் காவலாளியிடம், "எனக்குக் காது சுத்தமா கேக்காது. கத்தாதீங்க, கத்தினா உங்க மூஞ்சிதான் கோணும். என் பக்கம் திரும்பி மெதுவா பேசுங்க, போதும்" என்று ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னார். தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று அவருக்குத் தெரியாது. மாடியில் இருந்த எனக்கே கேட்டது.

கேட்பதுதான் எனக்கு வேலை. காது கேளாதவர்களுக்காக எங்கள் கூடத்தில் ஒரு கருவி செய்துகொண்டிருந்தார்கள். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் மேஜை நடுவில் ஒரு சின்னத் திரையை வைத்தால், அவர்கள் பேசுவதெல்லாம் அதில் எழுத்தாக ஓட வேண்டும். அது தப்பாகக் கேட்டதை நான் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு மறுபடி கேட்டு, சரியாக அடித்துக் கொடுப்பேன். அதைப் பார்த்து இயந்திரம் கற்றுக்கொள்ளும். கூடத்தில் என்னைக் ‘காது’ என்றுதான் கூப்பிடுவார்கள். "காது இன்னிக்கு லீவா?" என்பார்கள். சண்டை போட்டுப் பார்த்தேன், பலிக்கவில்லை, விட்டுவிட்டேன்.

கருவியைப் பரிசோதிக்க வருபவர்களிடம் எங்கள் ஆட்கள் பேசுகிற விதத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குழந்தையிடம் பேசுவது போல ஒரு இழுவை, தேவைக்கு மேல் ஒரு புன்னகை. ஃபிட்டரிடம் அது செல்லவில்லை. "தம்பி, பல்லக் காட்டாத. உதட்ட ஒழுங்கா அசைச்சாதான் எனக்குப் புரியும்" என்று ஒருவனை முதல் நாளே அடக்கிவிட்டார். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அவர் வேலை பார்த்தது தகடு அடிக்கும் தொழிற்சாலையில். வீட்டளவு உயரமான பிரஸ் மிஷின்கள் நாள் முழுக்கத் தகட்டின்மேல் இடி மாதிரி இறங்கிக்கொண்டே இருக்கும். பழுதானதைப் பிரித்துப் பூட்டுவது அவர் பொறுப்பு. காதில் அடைப்பான் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். வைத்தால் மிஷின் எங்கே முனகுகிறது என்று தெரியாது என்று கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். காது ஒரே நாளில் போகவில்லை. முதலில் குருவிச் சத்தம் போனது. பிறகு குக்கர் விசில், பிறகு கதவு தட்டுவது. மகள் மழலை பேசியதில் பாதிதான் அவருக்குக் கேட்டது. மகன் பிறந்தபோது அவன் அழுதது கேட்கவே இல்லை.

"அதனால ராத்திரி நான் மட்டும் நிம்மதியா தூங்கினேன். அதச் சொல்லிச் சொல்லியே என் வீட்டுக்காரி என்னைத் தீத்துக்கட்டினா" என்பார். அவரைப் பற்றி எதை ஆரம்பித்தாலும் அது கடைசியில் வீட்டுக்காரியில்தான் வந்து நிற்கும்.

அந்த அம்மாள் இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவருடைய உதட்டசைவு மட்டும்தான் ஃபிட்டருக்குத் தண்ணீர்பட்ட பாடு. மற்றவர்கள் பேசினால் பாதி புரியும், மீதியை ஊகிப்பார். ஒருவர் எதிரே உட்கார்ந்து பேசினால் சமாளித்துவிடலாம். சாப்பாட்டு மேஜைதான் அவருக்கு எமன். ஒருவர் உதட்டைப் பிடிப்பதற்குள் இன்னொருவர் குறுக்கே புகுவார், மூன்றாமவர் வாயில் சோற்றோடு பதில் சொல்வார். திடீரென்று எல்லோரும் சிரிப்பார்கள். இவர் கையை மேஜைமேல் வைத்திருப்பார். வீட்டுக்காரிக்குச் சிரிப்பு வந்தால் மேஜையைத் தட்டுகிற பழக்கம். உள்ளங்கையில் அந்த அதிர்வு வந்ததும் நிமிர்ந்து, "என்ன? என்ன?" என்பார்.

"அப்புறம் சொல்றேங்க" என்பார் அந்த அம்மாள்.

சொல்லவும் செய்வார். சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவும்போது இவர் பக்கத்தில் நின்று துடைத்து வைப்பார். கைகளில் சோப்பு நுரையோடு அந்த அம்மாள், யார் என்ன சொன்னார்கள், எப்படி முகத்தை வைத்துக்கொண்டார்கள் என்று ஒவ்வொருவராக நடித்தே காட்டுவார். இவர் அங்கே நின்று தனியாகச் சிரிப்பார். சாப்பாட்டு மேஜையில் வந்த சிரிப்பு இவருக்கு மட்டும் சமையலறைக்கு வந்துதான் சேரும். "லேட்டா வந்தாலும் சூடாதான் வரும்" என்றார் என்னிடம்.

"அவங்க சிரிப்பு கேட்டிருக்கீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கல்யாணமான புதுசுல கேட்டிருக்கேன். முதல்ல மூச்சு நிக்கும். அப்புறம் விக்கல் மாதிரி ஒண்ணு. அதுக்கப்புறம்தான் சிரிப்பு வரும். இப்பவும் தலைக்குள்ள இருக்கு. ஆனா அது சரியா இருக்கா, நானா ஏதாவது மாத்திட்டேனான்னு கேக்க ஆளில்ல."

எங்கள் கூடத்தில் ஒரு அறையில் சாப்பாட்டு மேஜை போட்டு, தட்டெல்லாம் வைத்து ஒரு பொய்க் குடும்பம் நடத்துவோம். மாணவர்கள்தான் அப்பா, அம்மா, பிள்ளைகள். ஆளுக்கொரு தாளை வைத்துக்கொண்டு, "இன்று சாப்பாடு நன்றாக இருக்கிறது", "ஆம், எனக்கும் பிடித்திருக்கிறது" என்று ஒருவர் முடித்தபின் ஒருவர் படிப்பார்கள். திரையில் எழுத்து பிழையில்லாமல் ஓடும். கூடத்தை நடத்தும் புரொஃபசர் பூரித்துப்போவார். ஃபிட்டர் அதைக் கடைசி வரை படித்துவிட்டு, "சார், இது குடும்பமா, கூட்டமா? எந்த வீட்டுல இப்படி வரிசையில நின்னு பேசுறாங்க?" என்றார். புரொஃபசரே சிரித்துவிட்டார். நல்ல மனிதர்தான். கருவியை வீட்டுக்கே எடுத்துப்போய்ப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தனுப்பினார்.

வாரக்கடைசியில் திரும்பி வந்தபோது ஃபிட்டரின் முகம் சரியில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும், மருமகனும் அவர் வீட்டுக்கு வந்து மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். திரையைப் பார்த்துக்கொண்டு பேசும் வரை ஒழுங்காக எழுத்து வந்திருக்கிறது. "அப்பா, மாத்திரை சாப்பிட்டீங்களா" என்ற மாதிரி. சற்று நேரத்தில் அதை மறந்து தங்களுக்குள் பேச ஆரம்பித்ததும், திரையில் அடைப்புக்குறி போட்டு ‘சத்தம்’ என்று வந்திருக்கிறது. மறுபடி ‘சத்தம்’. திரை முழுக்க அதே.

அதற்குக் காரணம் எங்கள் விதி. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினாலோ, சிரிப்பில் சொல் கரைந்துவிட்டாலோ, அதைப் பிரித்து எழுத நேரம் வீணாக்காமல் ‘சத்தம்’ என்று போட்டுவிட்டு மேலே போக வேண்டும். எனக்கு வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுத்தது அது. இயந்திரமும் அப்படியே கற்றுக்கொண்டிருந்தது.

ஃபிட்டர் நேரே புரொஃபசர் அறைக்குப் போய் நின்றார். "சார், என் வீட்டுல சிரிக்கிறதெல்லாம் சத்தமா?"

புரொஃபசர் தலையைச் சொறிந்தார். "அது வந்து, டெக்னிக்கலா..."

"மாத்திரை சாப்பிட்டேனான்னு என் மக சைகையிலயே கேட்டுடுவா சார். அதுக்கு மிஷின் எதுக்கு? இந்த சத்தம்னு போட்டிருக்கீங்களே, அது உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சிக்கத்தான் நான் ரெண்டு பஸ் மாறி இங்க வர்றேன்."

அன்றைக்குத்தான் அவர் தன் செல்போனை எடுத்து என்னிடம் கொடுத்தார். அதில் ஒரு வீடியோ இருந்தது. வீட்டுச் சாப்பாட்டு மேஜை, மருமகன் எடுத்தது. மகன் ஏதோ சொல்கிறான், மகள் மறிக்கிறாள், ஃபிட்டர் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கிறார். அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொல்கிறார். வீடே வெடிக்கிறது. அந்த அம்மாள் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறார். ஃபிட்டர் நிமிர்ந்து, "என்ன? என்ன சொன்னா?" என்கிறார். சற்றைக்கெல்லாம் கரண்ட் போய்ப் படம் இருட்டாகிவிடுகிறது.

இருட்டில் அவரிடம் யாரும் எதுவும் சொல்ல முடியாது. அன்றைக்குப் பாத்திரம் கழுவவும் இல்லை, கதையும் இல்லை. காலையில் இவர் வேலைக்குக் கிளம்பும்போது ஞாபகமாகக் கேட்டிருக்கிறார். அந்த அம்மாள் சொல்ல வாயெடுத்ததும் சிரிப்பு முந்திக்கொண்டுவிட்டது. சிரிக்கிற உதட்டைப் படிக்க முடியாது. "சாயங்காலம் சொல்றேன், போங்க" என்று வாசலில் நின்று கையைக் காட்டியிருக்கிறார். மத்தியானம் தொழிற்சாலைக்கு ஆள் வந்தது. சமையலறையில் விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

"பிள்ளைங்ககிட்ட கேக்கலியா?" என்றேன்.

"கேட்டேன். அடுத்த நாளே அப்படி ஆனதுல அவங்களுக்கு எதுவும் நிக்கல. பையன் ஏதோ குடை சமாச்சாரம்ங்கிறான். பொண்ணு இல்ல, மாமாவப் பத்திங்கிறா. இந்த வீடியோவப் போட்டா அவங்கம்மா குரல் வர்றதுக்குள்ள அழுதுட்டு மூடிடறா. அவளத் தொந்தரவு பண்ண மனசு வரல." செல்போனை என் கையிலேயே விட்டுவிட்டு, "அவ கடைசியா எனக்குச் சொல்லாம விட்டது இது ஒண்ணுதான். உன்னத்தான காதுங்கறாங்க? நீ கேட்டுச் சொல்லும்மா" என்றார்.

அப்போது எனக்கு வந்த கோபம் யார்மேல் என்று இன்றுவரை தெரியவில்லை. மின்சார வாரியத்தின்மேலா, எங்கள் விதியின்மேலா, மேலே இருப்பவன்மேலா. புரொஃபசரிடம் போய், மதிய இடைவேளையில் இதைச் செய்யப்போகிறேன் என்றேன். கேட்கவில்லை, சொன்னேன். அவரும், கலந்த குரல்களைத் தனித்தனியாகப் பிரிப்பதற்கு மாணவி ஒருத்தி எழுதிவைத்திருந்த நிரலை எனக்கு எடுத்துக் கொடுத்தார்.

மற்றதெல்லாம் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. அந்த அம்மாள் சொன்ன ஒரு வரிதான் படுத்தி எடுத்தது. அதன்மேல் மகனின் பேச்சு, கரண்டி விழும் ஓசை, அதோடு அந்த அம்மாளின் சிரிப்பே வந்து விழுந்திருந்தது. வேகத்தைக் குறைத்துக் கேட்டேன், கண்ணை மூடிக் கேட்டேன். சாப்பிட மறந்து கேட்டேன். முதலில் மூச்சு நின்றது. பிறகு விக்கல் மாதிரி ஒன்று. ஃபிட்டர் தலைக்குள் வைத்திருந்தது அச்சு மாறாமல் அப்படியே இருந்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஒருநாள் வார்த்தைகள் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. நான் தனியாக உட்கார்ந்து அப்படிச் சிரித்ததைப் பார்த்து, காதுக்கு மண்டையும் கழன்றுவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

ஃபிட்டரை வரச் சொன்னேன். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். யார் எதைப் பேசினார்கள் என்று பெரிய திரையில் வரிசையாக வைத்திருந்தேன். அந்த ஒரு இடத்தில் மட்டும் பழையபடி ‘சத்தம்’ என்றே விட்டிருந்தேன். அதை அவர் எதிரில் உட்கார்ந்து அடித்துக்காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை.

அவர் வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். மகன் சொன்னதற்குச் சிரித்தார். மகள் தம்பியைத் திட்டியிருந்ததைப் படித்து, "இவ்வளவு வாயா இவளுக்கு" என்றார். ‘சத்தம்’ வந்தது. என்னைப் பார்த்தார். கீழே படியுங்கள், வருகிறேன் என்று கை காட்டினேன்.

அதற்கடுத்து அவருடைய குரல்: என்ன? என்ன சொன்னா?

அந்த அம்மாள்: அப்புறம் சொல்றேங்க.

அதற்கும் கீழே, அந்த அம்மாளே, மகள் பக்கம் திரும்பி: ஏய், யாரும் அவர்கிட்ட வாயத் தொறக்காதீங்க. அவருக்கு நான்தான் சொல்லுவேன். அவர் சிரிக்கிறத நான்தான் முதல்ல பாக்கணும்.

ஃபிட்டரின் விரல் அங்கேயே நின்றது. மறுபடி படித்தார். "இது எப்ப சொன்னா? நான் பாத்துக்கிட்டேதான இருந்தேன்?"

வீடியோவை ஓட்டிக் காட்டினேன். அந்த இடத்தில் அந்த அம்மாள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பியிருந்தார். கொண்டை மட்டும்தான் தெரிந்தது.

"அப்புறம் அப்புறம்னு சொல்லும்போதெல்லாம், என்னைக் கழட்டி விடறாங்கன்னு சில நாள் நெனச்சிருக்கேன்" என்றார். வழக்கத்துக்கு மாறாக அவர் குரல் தணிந்து வந்தது. "அவ எனக்குன்னு எடுத்து வச்சிருக்கா."

நான் கீபோர்டில் கை வைத்தேன். அவர் சட்டென்று என் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினார்.

"வேணாம்மா."

"சார், கெடைச்சிடுச்சு. முழுசா கெடைச்சிடுச்சு."

"அது உன் மூஞ்சியிலயே தெரியுது. நல்லா இருக்கும்னும் தெரியுது." கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே என்னைப் பார்த்துச் சிரித்தார். "நான்தான் சொல்லுவேன்னு அவ சொல்லியிருக்கா. நீ முந்திக்காத."

பிறகு, சிரிப்பை மட்டும் போடச் சொன்னார். ஸ்பீக்கரை எடுத்து மேஜைமேல் கவிழ்த்து வைத்து, ஒலியை ஏற்ற முடிந்த மட்டும் ஏற்றினேன். பக்கத்து அறையிலிருந்து எட்டிப்பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டேன். அவர் உள்ளங்கையை மேஜைமேல் விரித்து வைத்தார். அந்த அம்மாள் மேஜையைத் தட்டத் தொடங்கியதும் ஃபிட்டரும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். எதற்கென்று தெரியாமலே, அந்த ஒரு தடவை, எல்லோரும் சிரித்த அதே நேரத்தில் சிரித்தார். முடிந்ததும், "இன்னொரு தடவை போடும்மா" என்றார்.

விதியை அதற்குப் பிறகு மாற்றிவிட்டோம். இப்போது சிரிப்பைச் சிரிப்பு என்றே போடுகிறோம், கலந்த பேச்சைப் பிரித்து எழுதுகிறோம். பழைய பதிவுகளைச் சரிபார்க்கும்போது, ஃபிட்டர் வீட்டுக் கோப்பில் ஒரு இடம் மட்டும் இன்னும் ‘சத்தம்’ என்றே இருக்கிறதே, உனக்குக் கேட்கவில்லையா என்று புரொஃபசர் கேட்டார். கேட்டது சார், ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் நான் இல்லை என்றேன். உங்களுக்கும் அதே பதில்தான்.