சிரஸ்தார் மகளின் வால்ட்ஸ் ஷூ

நான் டான்ஸ் ஆடுகிறவர்களுக்கு ஆட்ட ஷூ விற்றிருக்கிறேன் என்றால், இப்போது கடையில் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எனக்கு அதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது.

தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் ஒரு செருப்புக் கடையில் மூத்த விற்பனையாளனாக இருந்தேன். அதற்கு முன் சில வருஷம் மெட்ராஸில் ஒரு பட்டறையில் வேலை. கிளப்புகளில் ஆடுகிறவர்களுக்கு லத்தீன், பால்ரூம் என்று வெளிநாட்டு ஆட்டங்களுக்கான ஷூக்கள் தைக்கிற பட்டறை அது. ஆகவே எங்கள் பக்கத்தில் அந்தச் சரக்கைப் பற்றித் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். தெரிந்து என்ன பிரயோஜனம்? சொன்னால் கேட்க ஆள் வேண்டாமா?

1. ஒரு சைஸ் கூட

ஒருநாள் மத்தியானம் தங்கராஜ் சார் மகளோடு கடைக்கு வந்தார். கோர்ட்டில் சிரஸ்தார், குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைவர். மகள் கிரேஸ் பள்ளிக்கூட டீச்சர். அவளுக்குப் பம்பாயில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். வரவேற்பில் மாப்பிள்ளையும் பெண்ணும் எல்லார் முன்னிலையிலும் கைகோத்துச் சுற்றிச் சுற்றி வால்ட்ஸ் ஆடுவது மாப்பிள்ளை வீட்டு வழக்கமாம். பம்பாயில் இருந்துவிட்டு வந்த ஒரு டீச்சரம்மாவிடம் கிரேஸ் ஆட்டம் பழகிக்கொண்டிருந்தாள்.

“அவ்வளவு பேரு முன்னால நான் விழுந்துரக் கூடாது அண்ணாச்சி. அதுக்கு ஏத்ததா சொல்லுங்க,” என்றாள்.

மெட்ராஸ் பட்டறையின் படப் புத்தகத்தைக் காட்டினேன். அவள் கண் போனது விரல் திறந்த, உயர ஹீல் வைத்த லத்தீன் செருப்பில். அது விரலால் தரையைப் பிடித்து இடுப்பை வளைத்து ஆடுகிறவர்களுக்கு. வால்ட்ஸுக்கு முன்பக்கம் மூடிய பால்ரூம் ஷூ வேண்டும். மாப்பிள்ளை தவறிப்போய் மிதித்தாலும் விரல் தப்பும். புதிதாகப் பழகுகிறவளுக்கு ஹீலும் குட்டையாக இருக்க வேண்டும். அவள் ஒப்புக்கொண்டாள். அப்பாதான் ஆரம்பித்தார்.

“ஒரு சைஸ் பெருசா போடுங்க அண்ணாச்சி. காலு வளரும்லா.”

“சார், டீச்சர் வேலை பாக்குத புள்ளைக்கு இனிமே எங்கன காலு வளரும்?”

“வீங்கும்லா. ஒரு விரலு போற எடம் இருக்கட்டும்.”

ஆட்ட ஷூ காலைக் கவ்விப் பிடிக்க வேண்டும். ஆனால் கடிக்கக் கூடாது. ஆட ஆடத் தோல் நெகிழும். வாங்கும்போதே தொளதொளவென்று இருந்தால் திரும்பும்போது குதிகால் கழன்றுவிடும். இதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். சிரஸ்தார் என்னைக் கூண்டில் ஏற்றிய சாட்சியைப் பார்ப்பது போலப் பார்த்தார். கடைசியில் கிரேஸ், “அப்பா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க,” என்றதால் சரியான அளவில் மெட்ராஸுக்கு ஆர்டர் போனது.

2. வாசலில் கிடந்த ஷூ

பார்சல் வந்ததும் கிரேஸை உட்காரவைத்து விளக்கினேன். அடியில் இருப்பது சூயிட், பூனைமயிர் போல மெல்லிசாக இழை நிற்கும் தோல். தரையில் அளவாக வழுக்கும், அளவாகப் பிடிக்கும். தெருவில் போடக் கூடாது. ஈரம் படக் கூடாது. அடியில் பாலிஷ் போடக் கூடாது. அழுக்கேறிப் பளபளத்தால் கம்பிப் பிரஷ்ஷால் பையத் தேய்க்க வேண்டும். ஆடி முடித்ததும் காற்றாட வைத்துவிட்டுப் பிறகுதான் பையில் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

மறுவாரம் டீச்சரம்மா வீட்டுப் பக்கம் ஒரு வேலையாகப் போனேன். வாசலில் மற்றச் செருப்புகளோடு அந்த ஷூவும் கிடக்கிறது. உள்ளே கிரேஸ் வெறுங்காலோடு வால்ட்ஸ் பழகிக்கொண்டிருக்கிறாள்.

“என்ன கிரேஸ் இது?”

“வீட்டுக்குள்ள எப்படி அண்ணாச்சி செருப்புப் போட்டுக்கிட்டு நடக்க? ஒரு மாதிரி இருக்கு.”

“சரி, இங்கன வரைக்கும் எப்படிக் கொண்டாந்த?”

“போட்டுக்கிட்டுத்தான். பஸ்ஸுல வந்தேன்.”

தெருவில் போடாதே என்றதைத் தெருவெல்லாம் போட்டு நடந்துவிட்டு, போட வேண்டிய இடத்தில் கழற்றி வைத்திருக்கிறாள்! சூயிட்டில் தாரும் மணலும் அப்பியிருந்தது. டீச்சரம்மாவாவது சொல்லியிருக்கலாம், அந்த அம்மாளும் வெறுங்கால்தான். வாசற்படியில் உட்கார்ந்து, என் பையில் கிடந்த பிரஷ்ஷால் நானே சுத்தம் செய்தேன். ஒரு துணிப்பையில் ஷூவையும் பிரஷ்ஷையும் போட்டு அவள் கையில் கொடுத்து, இனி இரண்டும் பையில்தான் வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

3. ரப்பர்

வரவேற்புக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். ஆட்டம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் மணப்பெண் அறைக்கு வரச்சொல்லி கிரேஸ் ஆள் அனுப்பினாள். போனால், அழுகிற மாதிரி இருக்கிறாள்.

“ஷூ திரும்பவே மாட்டேங்கு அண்ணாச்சி. முட்டுல சுண்டி இழுக்கு.”

வாங்கிப் புரட்டினேன். சூயிட்டைக் காணோம். அதன்மேல் வரிவரியாக ரப்பர் சோல், ஓரமெல்லாம் ஒழுங்காகச் சீவி ஒட்டியிருந்தது. பக்கத்தில் சிரஸ்தார் பெருமையாக நிற்கிறார்.

“நாந்தான் நேத்து பஸ் ஸ்டாண்டுல குடுத்து ஒட்டுனேன். வெறுந்தோலுல்லா கெடந்துச்சு. வழுக்கிருமே.”

“அது வழுக்கணும் சார்! வழுக்குனாத்தான் திரும்ப முடியும். ரப்பர் தரையக் கவ்விக்கிட்டு நிக்கும், ஒடம்பு மட்டும் திரும்பும். முட்டு என்னத்துக்கு ஆகும்? ஒம்மள யாரு வே ஒட்டச் சொன்னா?”

வெளியே மாப்பிள்ளை வீட்டார் காதில் விழுகிற அளவுக்குக் கத்திவிட்டேன். சிரஸ்தார் முகம் சுண்டிப்போனது.

“சின்னப்புள்ளையில இவளுக்கு சைக்கிள் பழக்கும்போது நாந்தான் பிடிச்சிருந்தேன் அண்ணாச்சி. ஓட்டிருவான்னு பைய கைய விட்டேன். விழுந்து காலு ஒடிஞ்சு மாசக்கணக்கா கட்டோட கெடந்தா.”

என் கோபம் போகவில்லை. ஆனாலும் சமையல்காரரிடம் கத்தி வாங்கி வந்து, ஷூவை அவர் கையில் கொடுத்து, “இறுக்கிப் பிடிங்க சார்,” என்றேன். பிடித்துக்கொண்டார். நேற்று ஒட்டியதுதானே, ரப்பர் உரிந்து வந்தது. பசையை விரலால் உருட்டி எடுத்துவிட்டு, கிரேஸின் பையிலிருந்த பிரஷ்ஷால் தேய்த்தேன். புதுசு போல ஆகவில்லை என்றாலும் ஆடத் தோதாக வந்தது.

கிரேஸ் மாப்பிள்ளை கையைப் பிடித்து ஆடினாள். அவள் சுற்றிப் போகிற பக்கமெல்லாம், ஓரமாக சிரஸ்தாரும் கைகளைக் கொஞ்சம் முன்னால் நீட்டியபடி நடந்துகொண்டே இருந்தார். “சார், வழிய விடுங்க,” என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. கிரேஸ் விழவும் இல்லை.

சில நாள் கழித்துக் காலையில் கடை திறந்த கையோடு சிரஸ்தார் வந்து நின்றார். கையில் அதே ஷூ. மகள் பம்பாய்க்குப் புறப்படுகிறாளாம்.

“அங்கன மழை ரொம்பப் பெய்யும்ங்காவ. இதுல நீங்களே நல்லதா ஒரு ரப்பரு...”

தலையில் அடித்துக்கொண்டேன். ஷூவைப் பிடுங்கித் துடைத்துப் பையில் போட்டேன். பிறகு மழைக்குத் தாங்குகிற, கெட்டி ரப்பர் போட்ட செருப்பு ஒன்றை கிரேஸ் அளவில் எடுத்து அவர் முன்னால் வைத்தேன். கடையில் இருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: வாங்குகிறவரின் காலை அளந்து பாருங்கள். கூட வருகிறவரிடம் அவருக்கு என்ன பயம் என்று கேளுங்கள். முதல் நாளே கேட்டிருந்தால் அந்த ரப்பர் செருப்பையும் அன்றைக்கே விற்றிருப்பேன்.

சிரஸ்தார் அதைப் புரட்டிப் பார்த்தார். கட்டைவிரலால் ரப்பரை அமுக்கினார்.

“நல்லாப் பிடிக்கும்லா?”

“பிடிக்கும் சார். விடவே விடாது.”

முகம் மலர்ந்துபோய்ச் செருப்பை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

“அப்ப இதுலயே ஒரு சைஸ் பெருசா குடுங்க அண்ணாச்சி.”