அக்காவின் வயிறும் மாமியின் நல்லெண்ணெயும்

பச்சை முட்டையை உடைத்துத் தம்ளரில் விட்டு, அதன்மேல் நல்லெண்ணெயை வார்த்தால் ஒரு கனத்த மணம் எழும்பும். அந்த மணம் எங்கள் குசினி அடுப்படியில் நிறைந்து நின்ற ஒரு காலையில் அங்கே மூன்று பேர் இருந்தோம். கதிரையில் குனிந்து வயிற்றைப் பொத்திக்கொண்டிருந்த என் அக்கா சுகந்தி, தம்ளரை நீட்டியபடி நின்ற எங்கள் மாமி, பின்கதவில் தண்ணீர் வாளியோடு நான். அம்மா இல்லை, அவர் குவைத்தில் யாரோ ஒருவருடைய பிள்ளைகளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பிக்கொண்டிருந்தார். அப்பாவும் இல்லை, விடிய முன்னமே கடலுக்குப் போனவர் பின்னேரம்தான் கரைக்கு வருவார்.

மாமி என்பவர் அப்பாவின் அக்கா. திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் ஒழுங்கையில், வேலிக்கு அந்தப் பக்கம்தான் அவர் வீடு. அம்மா விமானம் ஏறிய நாளிலிருந்து எங்களுக்குச் சமைத்ததும், எங்கள் உடுப்பைத் தோய்த்ததும், நாங்கள் காய்ச்சலில் கிடந்தால் தலைமாட்டில் இருந்ததும் அவர்தான். அக்கா "பெரியபிள்ளை" ஆனபோதும் அம்மா இல்லாத இடத்தில் மாமியே நின்று தண்ணீர் வார்த்து, உழுத்தங்களி கிண்டி, முட்டையும் நல்லெண்ணெயும் பருக்கினார். எங்கள் பக்கத்தில் அந்த முதல்தரத்தோடு அதை நிறுத்திவிடுவார்கள். மாமி நிறுத்தவில்லை. தாய் பக்கத்தில் இல்லாத பிள்ளை, உடம்பு இளகிப்போனால் தாய்க்கு யார் பதில் சொல்வது என்ற பயத்தில், மாதாமாதம் அக்காவுக்கு அந்த நாள் வந்தவுடனே தம்ளரோடு வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் வந்துவிடுவார்.

"மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரே இழுவையில குடி பிள்ளை. நாளைக்கு நீ ஒரு பிள்ளையைப் பெறேக்க இந்த மாமியை நினைப்பாய்."

"இப்பவே நினைக்கிறன் மாமி, நல்லா நினைக்கிறன்," என்பாள் அக்கா, கண்ணை மூடிக்கொண்டு.

அக்காவுக்கு அந்த நாட்களில் அடிவயிறு நோகும் என்பதோடு, வயிற்றோட்டமும் சேர்ந்து வரும். ஏன் வருகிறது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. மாமிக்கு மட்டும் அது தெரிந்திருந்தது, அல்லது தெரிந்ததாக அவர் நம்பினார்: எண்ணெய் உள்ளே போய் "அழுக்கைத்" தள்ளிக்கொண்டு வருகிறது, ஆகவே எவ்வளவு போகிறதோ அவ்வளவு நல்லது. அக்கா பின்வளவுக்கு ஓடும் ஒவ்வொரு முறையும் மாமி குசினியில் இருந்து, "கழியட்டும், கழியட்டும்," என்று திருப்தியோடு சொல்லுவார். தண்ணீர் குடித்தால் இன்னும் கூடப்போகும் என்பது அவருடைய இரண்டாவது நம்பிக்கை. அதனால் அக்கா தண்ணீர் கேட்டால் சின்னக் கோப்பையில் வெறும் தேத்தண்ணீர், அதுவும் நாக்கை நனைக்க மட்டும்.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் எட்டாம் வகுப்புவரை வந்தவர்கள் அதுவரை நானும் அக்காவும்தான். அவள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த நாட்களில் என்னுடைய வேலை கிணற்றில் தண்ணீர் அள்ளிக் கக்கூசு வாசலில் வைத்துவிட்டு, மதிலுக்கு அந்தப் பக்கம் திரும்பி நிற்பது. உள்ளே அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது கேட்கும். துறைமுகத்தில் கப்பல் ஒன்று ஊதினால், அந்தச் சத்தத்துக்குள் அவள் கொஞ்சம் பெரிதாக அழுவாள் என்பதை நான் கண்டுபிடித்து வைத்திருந்தேன். கண்டுபிடித்ததை யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அம்மா போனில் வந்து, "எல்லாரும் சுகமே? அக்கா சாப்பிடுறாளே?" என்று கேட்டால், "ஓம் அம்மா, சுகம்," என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில் சொல்லுவோம். சொன்னால் அவர் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவாரோ என்ற பயம் ஒன்று, சொல்வதற்கு எங்களிடம் சரியான சொல் இல்லை என்பது இன்னொன்று.

எனக்குச் சந்தேகம் எண்ணெயில்தான். ஒரு மாதம், மாமி அடுப்பைப் பார்க்கத் திரும்பிய நேரம் அக்கா கண்ணால் கெஞ்சினாள். நான் தம்ளரை வாங்கி அரைவாசியை விழுங்கிவிட்டேன். அன்று பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் முடியமுன்னரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். பின்னேரம் வீட்டில் அக்கா என்னைப் பார்த்து, "என்ன தம்பி, உனக்கும் கர்ப்பப்பை பலப்பட்டுட்டுதோ?" என்று கேட்டுச் சிரித்தாள். அவள் அந்த நாட்களில் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருதரம்தான்.

நான் சொல்ல வந்த காலையில் சிரிப்பு எதுவும் இல்லை. அக்கா முதல்நாளே பயத்தில் ஒன்றும் சாப்பிடாமல் விட்டிருந்தாள். வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டால் போவதற்கும் ஒன்றும் இருக்காது என்று அவள் போட்ட கணக்கு அது. வெறும்வயிற்றில் எண்ணெய் இறங்கியதும் வாந்தியும் சேர்ந்துகொண்டது. நான் வாளியை வைத்துவிட்டு வந்து முடிக்கமுன்னர் அடுத்த வாளி கேட்டாள். பிறகு கேட்கவும் இல்லை. திரும்பி வந்து குசினிச் சுவரோடு சரிந்து நிலத்தில் இருந்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது, கண் உள்ளே போயிருந்தது.

எங்கள் சுகாதாரப் புத்தகத்தில் வயிற்றோட்டம் பற்றிய பாடத்தில் ஒரு படம் இருந்தது. தோலைக் கிள்ளிவிட்டால் உடனே பழையபடி படிந்துவிட வேண்டும். படியாவிட்டால் உடம்பில் நீர் இல்லை, அது ஆபத்து. பரீட்சைக்காகப் பாடமாக்கியிருந்த விஷயம். நான் அக்காவின் புறங்கையைக் கிள்ளினேன்.

"என்னடா கிள்ளுறாய், விசரா?" என்றாள். குரலே வரவில்லை.

கிள்ளிய தோல் சின்னக் கூடாரம்போல எழும்பி நின்று, மெல்ல மெல்லத்தான் தணிந்தது. புத்தகத்தில் இருப்பது படத்தோடு முடிந்துவிடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

நான் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு, சீனியும் உப்பும் போட்டுக் கலக்கினேன். மாமி பாய்ந்து வந்து கோப்பையைப் பிடித்தார்.

"தண்ணி குடுக்காத! அவளுக்கு நிக்காமப் போகுதெல்லே, உனக்குக் கண் தெரியேல்லையே?"

"போறதாலதான் மாமி குடுக்கோணும். புத்தகத்தில கிடக்கு."

"புத்தகம் பிள்ளை பெத்ததோ? நாலு பெத்தவ நான் சொல்லுறன்."

நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் கோப்பை கவிழ்ந்தது. அக்கா எழும்புவதற்குச் சுவரைப் பிடித்தாள்; எழும்பியதும் கண் மேலே செருகி, அப்படியே மாமியின் கால்மாட்டில் விழுந்தாள்.

மாமி அப்போது போட்ட சத்தத்தை நான் வேறு எங்கும் கேட்டதில்லை. நான் ஒழுங்கை முனைக்கு ஓடினேன். அங்கே ஓட்டோ வைத்திருந்த ரவி அண்ணை, பள்ளிக்கூடச் சப்பாத்து என் ஒரு காலில் மட்டும் கிடந்ததைப் பார்த்து, "என்ன மாஸ்டர், மற்றச் சப்பாத்தை ஈட்டுக்கு வச்சிட்டீரோ?" என்று பகிடிவிட்டார். நான் "அக்கா" என்று மட்டும் சொன்னேன். அவர் ஓட்டோவை எடுத்து எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

ஓட்டோவில் அக்காவின் தலை மாமியின் மடியில், கால் என் மடியில். அவளுடைய பாதம் குளிர்ந்து கிடந்தது. ஆஸ்பத்திரி வாசலில், ஊருக்குள் திரியும் மான்கள் இரண்டு குப்பைத் தாளைத் தின்றுகொண்டு வழிவிடாமல் நிற்க, ரவி அண்ணை ஓட்டோக் கோனை அமத்திப் பிடித்தபடி வைதார். அந்தச் சத்தத்துக்குள் மாமி என் காதோடு சொன்னார்:

"ஆரும் கேட்டா வயித்தோட்டம் எண்டு மட்டும் சொல்லு. சாப்பாடு பிழைச்சுப்போச்சு எண்டு சொல்லு. மற்றதை வாயில எடுக்கப்படாது, ஆம்பிளைப் பிள்ளை நீ."

டொக்டர் தலையில் முக்காடிட்ட ஒரு பெண். கிண்ணியாப் பக்கத்துப் பேச்சு. அக்காவைக் கட்டிலில் கிடத்தி, கையில் சேலைன் ஏற்றச் சொல்லிவிட்டு, என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். "சாப்பாடு பிழைச்சுப்போச்சு டொக்டர்," என்றார் மாமி. எந்தச் சாப்பாடு என்று அவர் கேட்டார். மாமி சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். நேற்று என்ன, இன்று என்ன என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்க, நான் மாமியின் முகத்தையும் அக்காவின் கையில் சொட்டுச் சொட்டாக இறங்கும் தண்ணீரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிழையான வருத்தத்துக்குப் பிழையான மருந்தைக் கொடுத்துவிடுவார்களோ என்று யோசித்தேன். சொல்ல வேண்டும், சொல்ல ஏலாது.

சொன்னது அக்காதான். கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "சாப்பாடு இல்லை டொக்டர். எனக்கு மாதத்தில அந்த நாள் வரேக்க ஒவ்வொருக்காலும் இப்படித்தான். ஒரு வருஷமா."

மாமி, "பிள்ளை, தம்பி நிக்கிறான்," என்றார்.

"அவன்தான் மாமி தண்ணி அள்ளித் தந்தவன். அவனுக்குத் தெரியாததோ?"

அப்போதுதான் எனக்கும் வாய் திறந்தது. முட்டை, எண்ணெய், தண்ணீர் மறித்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். டொக்டர் மாமியை ஏசப்போகிறார் என்று பயந்தேன். அவர் ஒரு கதிரையை இழுத்து மாமிக்கு முன்னால் போட்டு அதில் இருந்தார்.

"அம்மா, அந்த நாளையில கர்ப்பப்பை சுருங்கிறதுக்கு உடம்பில ஒரு சாமான் சுரக்கும். அது பக்கத்தில கிடக்கிற குடலையும் சேத்துப் பிழியும். அதாலதான் வயித்தால போறது. கனபேருக்கு இருக்கு, எனக்கும் படிக்கிற காலத்தில இருந்தது. அழுக்கு ஒண்டும் இல்லை."

"அப்ப நான் குடுத்ததுதான் இவளை விழுத்தினதோ?" என்றார் மாமி.

"எண்ணெய் இல்லாட்டியும் இது வந்திருக்கும். எண்ணெய் கொஞ்சம் கூட்டிப்போட்டுது. தண்ணி மறிச்சதும் பட்டினி கிடந்ததும்தான் விழுத்தினது. முட்டையை அவிச்சுக் குடுங்கோ, அவ்வளவுதான்."

பிறகு அக்காவிடம் திரும்பி, இனி நாள் கிட்டவரும்போது பட்டினி கிடக்காமல் குழைந்த சோறு கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடும்படியும், உறைப்பையும் எண்ணெயையும் குறைக்கும்படியும், ஒவ்வொரு தரம் போகும்போதும் நீர் குடிக்கும்படியும், நோவுக்குத் தரும் குளிசையைச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் போடும்படியும் சொன்னார். போத்தலில் தாங்கத்தக்க சூட்டில் வெந்நீர் விட்டுத் துவாயால் சுற்றி அடிவயிற்றில் வைக்கலாம். மலத்தோடு இரத்தம் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, அந்த நாட்கள் முடிந்தும் நிற்காவிட்டாலோ பார்த்துக்கொண்டிராமல் உடனே வர வேண்டும். மாமி ஒவ்வொன்றுக்கும் "ஓம், ஓம்" என்று தலையாட்டிக்கொண்டு, தன் சேலைத் தலைப்பால் அக்காவின் குளிர்ந்த காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சேலைன் முடிகிற நேரம் அக்கா தண்ணீர் கேட்டாள். நான் எழும்பமுன்னர் மாமி ஓடிப்போய்ப் பெரிய போத்தல் ஒன்றை நிரப்பிக்கொண்டு வந்தார்.

பின்னேரம் அப்பா மீன் நாற்றத்தோடு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டில் ஓரத்தில் வந்து நின்று, "எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்ல?" என்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நீ பயந்துபோனியோ?" என்றார். நான் இல்லை என்று சொல்லிவிட்டு அழுதுவிட்டேன்.

அக்கா இப்போது நகரத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். போன மாதம் நாங்கள் எல்லோரும் கிளிவெட்டியில் ஒரு கலியாண வீட்டுக்குப் புறப்பட இருந்த காலையில் அப்பாவுக்குப் போன் எடுத்து, "அப்பா, எனக்கு இண்டைக்குத் தொடங்கிட்டுது, வயித்தாலயும் போகுது, நான் வரேல்ல," என்றாள். "சரி மகள், தண்ணியைக் குடிச்சுக்கொண்டு படு," என்றார் அப்பா, மீசை வெட்டிக்கொண்டே. குவைத்திலிருந்து என்றைக்கோ திரும்பிவிட்ட அம்மா, அலுமாரியில் சேலை தேடிக்கொண்டிருந்தவர், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் பின்வளவுக் கிணற்றை மூடிக் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது. கப்பல் ஊதும்வரை அழுகையை அடக்கிக் காத்திருக்கும் பெண்பிள்ளை ஒருத்தி எங்கள் வீட்டில் இப்போது இல்லை.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஒரு சதமும் வாங்கவில்லை. குளிசையும் சும்மாதான் தந்தார்கள். ரவி அண்ணைக்குப் போக வர முந்நூற்றைம்பது ரூபாய். எங்களுக்கு ஆன முழுச் செலவும் அவ்வளவுதான். அதைச் செலவழிக்கத்தான் ஒரு வருஷம் எடுத்தது.