கட்டிலும் கஞ்சியும் தின்ற கால்

நான்காம் வகுப்பைத் தாண்டாதவன் நான். மத்திகிரி மாட்டுப் பண்ணையில் சாணி அள்ளத் தொடங்கி, பிற்பாடு லாரிகளுக்குச் சொந்தக்காரன் ஆனேன். எவன் தயவும் இல்லை. இன்று நான் வாயைத் திறந்தால் ஊர் கேட்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், என் அப்பாவின் கால் விஷயத்தில், ஒருவனும் கேட்கவில்லை.

பாரூர் ஏரித் தண்ணீரில் நெல் போட்டவர் அப்பா. ஒரு நாள் காலையில் வாய் கோணி, இடது பக்கம் வாதத்தில் விழுந்துவிட்டது. மெல்ல மெல்லப் பேச்சு திரும்பியது. காலிலும் கொஞ்சம் உயிர் வந்தது. அவருக்கு இருந்தது ஒரே ஆசை: யார் துணையும் இல்லாமல் வெளிக்குப் போய்வர வேண்டும். "உங்கண்ணி சட்டி எடுத்துக் கொட்டறா. அதுக்குச் சாவே தேவலாம்டா" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

அண்ணனுக்குக் கௌரவம் பெரிது. பெரிய வீட்டு மனிதர் நோயில் கிடக்கும்போது தரையில் கால் வைக்கக் கூடாதாம். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் மெச்ச வேண்டுமே! ஆயுசு முழுக்கக் களியும் கொள்ளும் தின்ற உடம்புக்கு அரிசிக் கஞ்சி மட்டும் கொடுத்தார்கள். கறி, முட்டை, பருப்பு எல்லாம் வாயுவாம்.

பண்ணையில் லீவு சொல்லிவிட்டு வந்தவன், அப்பாவைக் கட்டிலைவிட்டு எழுப்பினேன். என் தோளைப் பிடித்து நின்றார். "விடுடா, விட்டுப் பாரு" என்றார். விட்டேன். வாசற்படி வரை நடந்து, அங்கே சரிந்து உட்கார்ந்தார். அடி ஒன்றும் இல்லை.

அண்ணன் ஓடி வந்தான்.

"அப்பாவக் கொல்லப் பாக்கறியாடா?"

"படுத்தே கெடந்தா கால் செத்துரும்ணா. படுத்த மாட்டப் பண்ணையில தூக்கி நிக்க வெச்சுதான் பொழைக்க வெக்கறோம்."

"அப்பா என்ன மாடா?"

தின்பண்டத்தோடு வந்திருந்த மாமா சிரித்தார். "சாணி அள்றவன் வைத்தியம் பண்ண வந்துட்டான்யா!"

அன்றைக்கே என்னைப் பஸ் ஏற்றிவிட்டார்கள்.

பொங்கலுக்குத்தான் மறுபடி போனேன். அப்பாவின் வேட்டி விலகியிருந்தது. விழுந்த கால் மட்டுமல்ல, நோய் தொடாத வலது காலும் குச்சியாகியிருந்தது. ஆடுசதை இருந்த இடத்தில் வெறும் தோல் தொங்கியது.

"எந்திரிப்பா, நான் புடிச்சுக்கறேன்" என்றேன்.

கட்டில் சட்டத்தை இறுக்கிக்கொண்டார். "வேணாம் சாமி, உளுந்துடுவேன்" என்றார். பிறகு, நான் நிற்பதைக்கூடப் பாராமல், அண்ணியைக் கூப்பிட்டுச் சட்டி கேட்டார்.

அப்பாவைத் தரையில் கால் படாமல் வைத்துப் பார்த்த மகன் என்று அண்ணனுக்கு ஊரில் இன்றும் நல்ல பெயர்.